நாற்பத்தொன்பது குவியலும் நான் சொன்ன அர்த்தமும்

எங்கள் போர்வெல் ரிக் உரிமையாளர் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். அதில் மூத்த உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு வரும். வழக்கமாகப் புலவர் கருப்பண்ணன் எழுதிக்கொடுப்பார். அரசுப் பள்ளியில் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவர். அவர் எழுதினால் எல்லோரும் பண்பாளர், எல்லோரும் கொடையாளர். போன வருடம் இரண்டு பேரின் போட்டோ இடம் மாறி அச்சானது. சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்குமே அது தெரியவில்லை. அதனால் இந்த வருடம் என் முறை வந்ததும், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அஞ்சாவது படித்தவன் எழுதினால் எப்படி இருக்கும் என்று சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் எனக்குத் தெரியும். சங்க அலுவலகத்தில் இருக்கும் அறிவுச்செல்வி எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தார். மற்ற பிழைகள் எல்லாம் நானே செய்தவை.

பெயர் நாச்சிமுத்து. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்தேன். பதினாறு வயதில் திருச்செங்கோட்டுக்கு வந்து ரிக் வண்டியில் ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். இன்று ஆறு ரிக் ஓடுகிறது, ஏழாவது வந்து நிற்கிறது. ஒன்பது மாநிலத்தில் போர் போட்டிருக்கிறேன். இந்தி பேசுவேன், தெலுங்கு பேசுவேன், கன்னடத்தில் சண்டை போடுவேன். கர்நாடகத்தில் ஒரு கல்லூரிக்கு ஆயிரத்து நானூறு அடி இறக்கினேன். குழிக்குள் பாறையை உடைக்கிற ஹேமரின் சத்தத்தை வைத்தே கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவேன். என்னைப் போல் தூசி படிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் நாலு பேர்தான் இருப்பார்கள். மற்ற மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியாது.

தூசி படிப்பது என்றால் என்ன என்று வெளி ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். பைப் இறங்க இறங்கப் பாறைத் தூள் மேலே வரும். அந்தப் பைப்புக்கு ராடு என்று பெயர், ஒரு ராடு இருபது அடி. ராடுக்கு ஒரு கை தூள் எடுத்து, வரிசையாகத் தரையில் குவித்து வைப்போம். முதல் குவியல் செம்மண், அப்புறம் வெள்ளை, அப்புறம் சாம்பல். அந்த வரிசையைப் பார்த்தால் பூமிக்குள் என்ன இருக்கிறது, இன்னும் இறக்கலாமா, நிறுத்தலாமா என்று தெரியும். நிறுத்தின பிறகு கம்ப்ரஸரை முழு வேகத்தில் விட்டுக் குழிக்குள் இருக்கும் குப்பையை ஊதித் தள்ளுவோம். அதற்கு ஃப்ளஷிங் என்று பெயர். காது கிழிகிற இரைச்சல். அந்த இரைச்சல் வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஆட்கள் கை கழுவப் போய்விடுவார்கள். டீ சொல்லப் போவார்கள். முப்பத்தெட்டு வருடமாக நானும் அந்தச் சத்தம் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்தவன்தான். இதை ஏன் இத்தனை விளக்கமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

எனக்கு ஒரே பையன், கதிர். இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். என் ஆறு வண்டியின் நெற்றியிலும் அவன் பெயர்தான் மஞ்சள் பெயிண்டில் இருக்கும். படித்து முடித்து என்னோடுதான் இருந்தான். வண்டியோடு வடக்கே போவான். போகும்போது ஒரு கிட்டாரையும் கொண்டுபோவான். கேசிங் பைப்புக்கும் டீசல் கேனுக்கும் நடுவில் அதைப் போர்வையில் சுற்றி வைத்திருப்பான். நான் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னதில்லை என்று எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற முத்தாயா சிரிக்கிறாள். முத்தாயம்மாள், என் சம்சாரம்.

இரண்டு வருடத்துக்கு முன் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிழவியின் மானாவாரிக் காட்டில் போர். தொள்ளாயிரம் அடி, நாற்பத்தைந்து குவியல், சொட்டு ஈரம் இல்லை. தூசி போட்டோவை அனுப்பினான். நான் திருச்செங்கோட்டில் உட்கார்ந்துகொண்டு பார்த்தேன்.

"நிறுத்திப்போடு. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல" என்றேன்.

"இன்னும் நாலு ராடு பாத்தர்லாமுங்கப்பா. அந்தம்மா குவியலுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்குதுங்க."

"அந்தம்மா உக்காந்தா தண்ணி எந்திரிச்சு வருமா? நிறுத்துடா."

அவன் நிறுத்தவில்லை. நாலு ராடு இறக்கினான். தண்ணீர் வரவில்லை. ஹேமர் குழிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. டிரில்லர் அன்பரசுவின் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, எட்டு ஆட்கள் கேட்க, இருபது நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பது மலருக்கு உகந்ததல்ல. பேசி முடித்ததும் வண்டிச் சாவியை அன்பரசு கையில் கொடுத்துவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு நடந்தவன், பெங்களூரில் போய்த்தான் நின்றான்.

அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. கீழே ஒன்றுமில்லைதான். சரியாகச் சொன்னவன் எதற்குப் போன் பண்ண வேண்டும்? அவன் பண்ணட்டும் என்று இருந்தேன். அவனும் என் மகன்தானே, பண்ணவில்லை. அவன் அம்மாவோடு பேசுவான். அவள் பேசும்போது நான் பக்கத்து அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தத் தை மாதம் அன்பரசு என் போனுக்கு ஒரு பாட்டு அனுப்பினான். "உங்க கதிரு பாடுனதுங்கண்ணா. ராக் பாட்டாமுங்க. நம்ம தொழிலப் பத்தித்தானுங்க" என்றான். பாட்டுக்குப் பெயர் 'நாற்பத்தொன்பது குவியல்'. பெயரைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. என் கணக்கில் நாற்பத்தைந்துதான். தலைப்பிலேயே நாலு ராடுக்கு வழக்காடுகிறான்.

போட்டேன். டிரம் அடிக்கிறது ஹேமர் மாதிரியே இருந்தது. பிறகு என் பையன் குரல்.

நாப்பத்தொம்பது குவியல் வெச்சேன்
ஒண்ணுகூட ஈரமில்ல
நிறுத்துன்னு சொன்ன வாய்க்கு
மண்ணு ருசி தெரியவில்ல
கல்லு பேசுனா உனக்குக் கேக்கும்
நான் பேசுனது கல்லுக்குத்தான் கேட்டுச்சு
ஆழம் பாத்த ஆளே, ஆளே
உன் ஆழம் எத்தன அடி

கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பக் கத்துகிறான். கத்திக் கத்தி, பிறகு கிட்டார் ஒரு இரைச்சல் இரைந்தது பாருங்கள், அசல் ஃப்ளஷிங். நான் அணைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். எதற்குக் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டேன். தூசி படிக்கிற மாதிரியே வரி வரியாகக் குவித்து வைத்துப் பார்த்தேன். 'கல்லு பேசுனா உனக்குக் கேக்கும்': என் தொழில் ஞானத்தைச் சொல்கிறான். 'மண்ணு ருசி தெரியவில்ல': மண் தின்னாத ஒழுக்கமான மனிதர் என்கிறான். 'உன் ஆழம் எத்தன அடி': சாதனையைக் கேட்கிறான். பையன் இரண்டு வருடம் கழித்துத் தன் தவறை உணர்ந்து அப்பனைப் புகழ்ந்து பாடியிருக்கிறான். எனக்கு மார்பு விரிந்த விரிவில் சட்டைப் பொத்தான் நிற்கவில்லை.

மறுநாளிலிருந்து ஊர் முழுக்கப் போட்டுக் காட்டினேன். சங்கத்தில், பெட்ரோல் பங்கில், உதிரிபாகக் கடையில், ஒரு காதுகுத்துப் பந்தியில். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி அர்த்தம் சொல்வேன். 'எத்தன அடி' என்று கத்தும் இடம் வந்ததும், "ஆயிரத்து நானூறு" என்று நான் பதில் சொல்வேன். இரைச்சல் வந்ததும், "அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது" என்று அணைத்துவிடுவேன். பந்தியில் சாம்பார் ஊற்றியவரைக்கூட வாளியோடு நிற்க வைத்துக் கேட்க வைத்தேன். அவர் மேலே பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புலவர் கருப்பண்ணனிடம் போட்டுக் காட்டியதுதான் வினையாகிவிட்டது. மலரில் இந்தப் பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம் என்று நானே தேடிப் போனேன். மத்தியப் பிரதேசத்துக் கதையைச் சொல்லிவிட்டுப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரைச்சல் வந்ததும் வழக்கம்போல அணைத்தேன். அவர் மேஜையைத் தடவினார்.

"இதுக்கு நீங்க என்ன அர்த்தம் பண்ணிக்கிட்டீங்க, நாச்சிமுத்து?"

சொன்னேன்.

"சரிங்க. அப்படியே இருக்கட்டுமுங்க" என்றார்.

"அப்படியே இருக்கட்டும்னா? வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"எதுக்குங்க அது. நீங்க சந்தோசமா இருக்கறீங்க."

"புலவரே, நான் ஒம்பது மாநிலம் பாத்தவன். சும்மா சொல்லுங்க."

அவர் வகுப்பு எடுக்கிற குரலுக்குப் போனார். "நிறுத்துன்னு சொன்ன வாய் உங்க வாய். மண்ணு ருசி தெரியலைன்னா, அங்க அந்த அம்மா காட்டு மண்ணுல கெடந்து தவிச்சது உங்களுக்குத் தெரியலைன்னு சொல்றான். கல்லு பேசுனா கேக்கற உங்களுக்குப் பெத்த புள்ள பேசுனது கேக்கல. கடைசி வரி கேள்வி இல்லீங்க. நீங்க ஆழமே இல்லாத ஆளுங்கறான்." கொஞ்சம் நிறுத்தி, "எதுகை நல்லா வந்திருக்குதுங்க" என்றார்.

வெளியே வந்து வண்டியில் ஏறினேன். ஸ்டார்ட் பண்ணத் தோன்றவில்லை. பெட்ரோல் பங்கு நினைவுக்கு வந்தது. காதுகுத்து நினைவுக்கு வந்தது. என்னைத் திட்டின பாட்டை நானே கொண்டுபோய், வரிக்கு வரி விளக்கி, 'ஆயிரத்து நானூறு' என்று பதிலும் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்கு அதிகமாக வலித்தது. சாம்பார்க்காரர் மட்டும் ஏன் அப்படி மேலே பார்த்தார் என்று அப்போது புரிந்தது.

வீட்டுக்குப் போனதும் முத்தாயாவிடம் சொன்னேன். "புது வண்டி நெத்தியில நாச்சிமுத்துன்னு என்ற பேர எழுதச் சொல்லப்போறேன். மத்த ஆறுலயும் மாத்திப்போடறேன். அவன் பேரு இனி என்ற வண்டியில இருக்கக்கூடாது."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எதுக்குங்?"

"அந்தப் பாட்டுக்கு. உனக்கு அர்த்தம் தெரியுமா?"

"நான் கேட்டனுங்க. நீங்க பூராவும் கேட்டீங்களா?"

"பதினெட்டுத் தடவ கேட்டிருக்கறேன்."

"பூராவும் கேட்டுப்போட்டா இப்படிப் பேசறீங்க?"

"ஆமா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான முப்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. இவளும் அவன் கட்சிதான் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் சங்ககிரி ரோட்டில் இருக்கும் பட்டறைக்குப் போனேன். புது வண்டி அங்கேதான் நின்றது. பெயிண்டர் இளவழகன் ஏணியில் ஏறி நெற்றிப் பலகையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வண்டிகளில் பாதி நெற்றி அவர் கையெழுத்துதான்.

"ஏனுங்கண்ணா, பழையபடி கதிர் தானுங்களே?"

"இல்ல. நாச்சிமுத்துன்னு எழுது."

அவர் கீழே இறங்கிவந்து என் முகத்தைப் பார்த்தார். "கதிர் மூணெழுத்துங்க. பலகை கரெக்ட்டா நெறையும். நாச்சிமுத்துன்னா எழுத்த நெருக்கோணுமுங்க."

"நெருக்கு."

ஏறிப் போய் மஞ்சள் பெயிண்டில் 'நாச்சி' வரை எழுதினார். வேலையாக இருக்கும்போது பாட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்கு. பம்பரில் வைத்திருந்த அவர் போனில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. ஹேமர் அடிக்கிற டிரம். கேட்டதும் தெரிந்துவிட்டது.

"இத எதுக்கு வெச்சிருக்கற?"

"நம்ம கதிரு பாட்டுங்களே. தினமும் ஓடுமுங்க."

"அணைச்சுப்போடு."

"கையெல்லாம் பெயிண்ட்டுங்கண்ணா. நீங்களே அமுக்கிப்போடுங்க."

அது என் போன் மாதிரி இல்லை. எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. நாலு மொழி பேசுகிறவன், தெரியாது என்று பெயிண்டரிடம் சொல்ல முடியுமா? ஓடினால் ஓடட்டும் என்று ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். குவியல் வந்தது, மண் ருசி வந்தது, எத்தனை அடி வந்தது. இரைச்சல் வந்தது. நான் எழுந்து தண்ணீர்க் குழாய்க்கு நடந்தேன்.

குழாயைத் திறக்கும்போது இரைச்சல் நின்றது. நின்ற இடத்தில் ஒரே ஒரு கிட்டார்க் கம்பி, மெதுவாக, சொட்டு விழுகிற மாதிரி. அப்புறம் ஒரு ஆள் பேசுகிற சத்தம். கரகரத்த குரல். யாரடா இவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பட்டறையில் இளவழகனைத் தவிர ஆளே இல்லை. அந்தக் குரல் என்னுடையது.

"...ஹேமர் என்ன ஆகாசத்துல இருந்தா உழுந்துது? இனி என்ற மூஞ்சியிலயே முழிக்காத." அதோடு ஒரு இடைவெளி. செருப்புச் சத்தம். பிறகு அதே குரல், சற்றுத் தூரத்தில், தணிந்து: "ஏம் புள்ள முத்தாயா, அவன் சாப்பிட்டானான்னு கேளு. வயித்துக்கு ஒத்துக்காத ஊரு அது. நான் கேட்டதாச் சொல்லாத."

அந்தக் கடைசி மூன்று வார்த்தை மட்டும் கம்பியோடு கம்பியாக நாலைந்து தடவை வந்து, தேய்ந்து, பாட்டு முடிந்தது.

எனக்கு நினைவு வந்தது. அவன் போன மூன்றாம் நாள், வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்பினேன். அமுக்கிப் பிடித்துப் பேசி விரலை எடுத்தால் போய்விடும் என்றுதான் எனக்குத் தெரியும். விரல் மேலே வழுக்கினால் பிடிக்காமலேயே அது பதிந்துகொண்டிருக்கும் என்பது தெரியாது. திட்டி முடித்துப் போனை மேஜையில் வைத்துவிட்டு அவளிடம் பேசியிருக்கிறேன். திரும்பி வந்தபோது ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அமுக்கினேன். போய்விட்டது. ஒன்பது மாநிலத்தில் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னவனுக்குத் தன் போனுக்குள் என்ன போகிறது என்று தெரியவில்லை.

குழாய் திறந்தபடியே இருந்தது. இளவழகன் ஏணியிலிருந்து, "தண்ணி வீணாப் போகுதுங்கண்ணா" என்றார். மூடினேன்.

"இந்தக் கடைசிப் பக்கம் எல்லாப் போன்லயும் வருமா?"

"எல்லாத்துலயும் வருமுங்க. அந்த எடத்துக்குத்தானுங்க இத்தன பேரு கேக்கறாங்க. எங்கூட்டுக்காரி அழுவாளுங்க." கொஞ்சம் தயங்கி, "நீங்க ஊரெல்லாம் போட்டுக் காட்டறீங்கன்னு சொன்னாங்க. பெரிய மனசுன்னு பேசிக்கிட்டோமுங்க" என்றார்.

முத்தாயா ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதையும் கேட்டுவிட்டுப் பையன் பெயரை அழிக்கச் சொல்கிற ஆளோடு எவள் பேசுவாள்?

"பாதியில நிக்குதுங்க. மேல எழுதட்டுங்களா?" என்று கேட்டார் இளவழகன்.

"கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்பக்கம் போய், கதிருக்குப் போன் போட்டேன். நாலு தடவை மணி அடித்தது. எடுத்தான். அவன் பின்னால் யாரோ டிரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்ல நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"சாப்பிட்டியா சாமி?"

டிரம் நின்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டனுங்கப்பா." பிறகு, "இத யாரு கேட்டதாச் சொல்லட்டுங்?" என்றான்.

"நக்கலா?"

"இல்லீங்."

"நான் அனுப்புனத அப்பவே கேட்டுட்டியா?"

"அன்னைக்கே கேட்டனுங்."

"கேட்டுப்போட்டு ஏன்டா ரெண்டு வருசமா வல்ல?"

"நீங்க கேட்டதாச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே. எனக்குத் தெரியாத மாதிரித்தானே நான் இருக்கோணும்?"

அவன் என் பையன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பின் பம்பரைத் தட்டினேன்.

"அந்தப் பாட்டுல எத்தன அடின்னு கேட்டிருக்கறயே" என்றேன்.

"ஆமாங்."

"ஆயிரத்து நானூறு."

அவன் சிரித்தான். சின்ன வயதில் சிரிக்கிற மாதிரி, மூக்கால். சிரித்து முடித்து, "அமாவாசைக்கு வண்டி பூசைன்னு அம்மா சொல்லுச்சுங்க. வாரேன்" என்றான்.

"வா. நாந்தான் கூப்பிடறேன்னு உங்கம்மாகிட்டயே சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தத் தடவை அணைந்துவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

இளவழகன் தின்னரில் துணியை நனைத்து 'நாச்சி'யைத் துடைத்துவிட்டுக் 'கதிர்' என்று எழுதினார். பலகை சரியாக நிறைந்தது. பெயிண்ட் முழுதாகப் போகவில்லை. காலை வெயில் நேராக விழும்போது பின்னால் என் பெயர் மங்கலாகத் தெரியும். இன்னொரு கை அடித்து மறைத்துத் தருவதாகச் சொன்னார். பரவாயில்லை, இருக்கட்டும் என்றேன்.

அமாவாசைக்கு வந்தான். தலைமுடி தோள் வரை இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. முத்தாயா இதற்கும் சிரிக்கிறாள். ரிக்குக்குத் திரும்பி வரமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டான். மாதம் ஒரு தடவை வருகிறேன் என்றான், வருகிறான். அந்த நாலு ராடு வீண்தான் என்று நான் இன்னமும் சொல்கிறேன். அந்தம்மா எழுந்து போகும்போது அவன் தலையைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனதாம், அதற்குத்தான் நாலு ராடு என்று அவன் இன்னமும் சொல்கிறான். புலவரிடம் போய், பாதிப் பாட்டுக்குத்தான் அர்த்தம் சொன்னீர்கள் என்று வழக்குப் போட்டேன். அணைத்தது நீங்கள்தானே என்றார்.

பாட்டை இப்போதும் தினம் ஒரு தடவை போடுகிறேன். நானும் முத்தாயாவும் உட்கார்ந்து கேட்போம். அந்த இரைச்சல் வந்தால் என் கால் தானாக எழுந்துகொள்கிறது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம், என்ன செய்ய. அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க, இன்னும் முடியல" என்கிறாள்.